ஒருதடவைக்காரர்

புதுப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆகும் என்று இசைக்கலைஞர்களிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அடுப்பில் ஏற்றியது வேக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிற அதே குரலில் கேட்கிறார்கள். பதில் சொல்பவர்களும் இளைத்தவர்கள் அல்லர். ஒருவர் ஒரு நாள் என்பார். அடுத்தவர் ஒரு மணி நேரம் என்பார். மூன்றாமவர் அவ்விருவரையும் இளப்பமாகப் பார்த்துவிட்டு, காதில் விழுந்ததும் கைக்கு வந்துவிடும் என்பார். கற்றல் என்பது ஓட்டப்பந்தயம் என்னும் இந்த நினைப்பு எங்கிருந்து வந்து தொலைந்ததோ தெரியவில்லை. ஆனால், அது ஒரு நல்ல மனிதரை எவ்வளவு வாட்டியது என்பது தெரியும். ஆகவே, அதைச் சொல்லியே தீரவேண்டியிருக்கிறது.

அவர் வயலின் வாசிப்பவர். நாடகங்களுக்கும் இசை நிகழ்ச்சிகளுக்கும் வாசிக்கிற ஒரு குழுவில், தலை நரைக்காத காலத்திலிருந்தே இருப்பவர். குழுவில் அவருக்கு ஒருதடவைக்காரர் என்று பெயர். எந்தப் பாட்டையும் ஒரே தடவை கேட்டால் அவருக்குப் போதும் என்பதால் டிரம்ஸ்காரர் வைத்த பெயர் அது. டிரம்ஸ்காரருக்கு இடி என்று பெயர். அது எதனால் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

பழைய கிடங்கொன்றின் மாடியில்தான் அவர்களுடைய ஒத்திகை அறை. சுவர் முழுவதும் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். ஒரே ஒரு சன்னல், அதையும் போர்வையால் மூடியிருந்தார்கள். புதுப் பாட்டு வந்தால், எல்லாரும் மாஸ்டர் என்றழைக்கும் குழுத் தலைவர் அதை ஒலிபெருக்கியில் போடுவார். முதல் தடவை கேட்கும்போது எல்லாருடைய கைகளும் மடியில் இருக்க வேண்டும். இரண்டாம் தடவை விரல்கள் ஓசையின்றி அசையலாம். மூன்றாம் தடவை வாசித்தாக வேண்டும். தாளில் எழுதும் பழக்கம் அங்கே இல்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பாட்டில் உன்னுடைய இடம் இது, இதைக் கேட்டதும் நீ தொடங்கு என்று ஒருவருக்கு மற்றவர் சொல்லித்தர மாட்டார். அது வளர்ந்த ஆளுக்குச் சோறு ஊட்டுவதற்குச் சமம் என்று கருதினார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூட ஓரிரு வாரம்தான் விலக்கு. ஒருதடவைக்காரருக்கு அவருடைய இடத்தைச் சொல்லித்தருவது என்பதை அவர்களில் எவரும் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். இதை மரியாதை என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வீண் செருக்கு என்பதே அதற்குச் சரியான சொல்.

அந்தப் புதுப் பாட்டு ஒரு நாடகத்துக்காக வந்தது. பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் அடங்கும் ஓர் இடம் இருந்தது. அந்த அமைதியிலிருந்து வயலின் தனியே எழ வேண்டும். கடினமான வரி அன்று. ஒருதடவைக்காரர் மடியில் கைவைத்துக் கேட்டார், விரலை அசைத்துக் கேட்டார், மூன்றாம் தடவை வில்லை எடுத்தார். எல்லாரும் அடங்கினார்கள். அவர் எழவில்லை. தொடங்கலாம் என்று அவர் எண்ணிய கணத்தில் மாஸ்டரின் பார்வை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவர்மீது ஏற்கெனவே விழுந்திருந்தது.

மறுபடியும் வாசித்தார்கள். இந்தத் தடவை முந்திக்கொண்டார்.

"என்ன அண்ணே," என்றார் இடி, "ஒருதடவை ரெண்டு தடவை ஆயிடுச்சா?"

அறை சிரித்தது. அவரும் சிரித்தார். "வயசாகுதில்ல, தள்ளுபடி குடுங்கப்பா" என்றும் சொன்னார். ஆனால், அந்தக் கேலி அவருக்குக் கேலியாகப் படவில்லை.

ஏனெனில், அவருக்கு ஓர் அக்கா இருந்தார்.

அக்கா அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். ஊரின் ஒவ்வொரு சந்தும் அவருக்கு அத்துப்படி. கடிதத்தின் முகவரியில் பாதி நனைந்து அழிந்திருந்தாலும் மீதியை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டு மறந்தார். தண்ணீர் வற்றி, அடி கருகி, கைப்பிடி உருகி வழிந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரிந்தது. எல்லாரும் கேலி செய்தார்கள். அடுத்து, தம் சொந்தத் தெருவில் நின்றுகொண்டு, இந்தத் தெருவுக்கு எப்படிப் போக வேண்டும் என்று பால்காரரிடம் கேட்டார். அதற்குப் பிறகு எவரும் கேலி செய்யவில்லை. இப்போது அவர் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தம்பி போய்ப் பார்ப்பார்.

சென்ற ஞாயிறன்று அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"என் அக்காவை."

"வர நேரமாகும் போல. உட்காருங்க, பாவம், எவ்வளவு நேரம் நிப்பீங்க."

அவர் உட்கார்ந்தார். இருவரும் அக்காவுக்காகக் காத்திருந்தார்கள்.

எனவே, ஒத்திகை முடிந்து வீடு திரும்பும்போது அவர் மனத்தில் பாட்டு இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன் தம் வீட்டு அடுப்பில் கருகிய கெட்டில்தான் இருந்தது. தண்ணீர் கொதித்தால் விசில் அடிக்கிற கெட்டில் அது. அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். புகை நாற்றம் வந்த பிறகே ஓடினார். மனைவி கெட்டிலைத் தேய்த்துக்கொண்டே ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பின் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. அவள் அக்குளில் வெப்பமானியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், எடுக்கவே இல்லை. "அப்பா, அது ரெண்டு தடவை கத்திடுச்சு, எடுக்க மாட்டீங்களா, எங்க இருக்கீங்க?" என்றாள் மகள். எங்கே இருந்தேன் என்று அவரும் தம்மைக் கேட்டுக்கொண்டார்.

கெட்டில், வெப்பமானி, இப்போது பாட்டு. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அக்கா போன அதே வழி.

அன்றிலிருந்து அவர் தமக்குத் தாமே தேர்வு வைக்கத் தொடங்கினார். முகம் மழிக்கும்போது, மனைவியின் உறவினர் பெயர்களை வயது வரிசையில் சொல்லிப் பார்த்தார். பேருந்தில் போகும்போது, அடுத்து வரும் கடை எது என்று கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தார். இளமையில் வாசித்த பாட்டுகளை ஒவ்வொன்றாக மனத்தில் ஓடவிட்டார். எல்லாம் இருந்தன. ஒரு கமகம்கூடக் குறையவில்லை. இது அவருக்கு ஆறுதல் தரவில்லை. தொலைந்தது எது என்று தொலைத்தவருக்குத் தெரியாது. அதுதானே அந்த நோயின் கொடுமை. அக்காவும் தம்மிடம் எல்லாம் இருப்பதாகத்தான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருதடவைக்காரர் செய்யக் கூடாத காரியம் ஒன்றையும் செய்தார். மகள் கேட்க ஆசைப்படுகிறாள் என்று பொய் சொல்லி, இடியிடமிருந்து புதுப் பாட்டின் பதிவைக் கைப்பேசியில் வாங்கினார். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நான்கு மாலைகள் அந்தப் பதிவுடன் சேர்ந்து வாசித்தார். எல்லா வாத்தியங்களும் அடங்கும். அவர் மனத்துக்குள் எண்ணுவார். சரியாக எழுவார். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. நான்காம் மாலை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்.

மறுநாள் ஒத்திகையில் எல்லாரும் அடங்கினார்கள். அவர் எண்ணினார், எழுந்தார். அறை முழுவதும் முகம் சுளித்தது. பதிவில் இருந்த அமைதி வேறு, இந்த அமைதி வேறு. இன்று அது நீண்டது. மறுபடி வாசித்தபோது குறுகியது. இரப்பரைப் போல் இழுபடும் இந்த வெற்றிடத்துக்குள், மற்றவர்களுக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒரு வாசல் இருந்தது. வீட்டில் நூறு தடவை திறந்த வாசல் இங்கே சுவராக நின்றது.

இந்தத் தடவை இடி கேலி செய்யவில்லை. குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கேலி செய்திருந்தால் தேவலாம் என்று ஒருதடவைக்காரருக்குத் தோன்றியது.

மாஸ்டர் இடைவேளையில் பக்கத்தில் வந்து, எவருக்கும் கேட்காத குரலில், "உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன் மாஸ்டர்."

"சிரமமா இருந்தா சொல்லுங்க. அந்த இடத்தைப் புல்லாங்குழலுக்கு மாத்திடலாம். ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

"வந்துடும் மாஸ்டர். நாடகத்துக்கு முன்னால வந்துடும்."

"வந்துடும், வந்துடும்" என்று மாஸ்டர் அவர் தோளைத் தட்டினார். பராமரிப்பு இல்லத்தின் செவிலியர் அக்காவின் தோளை அப்படித்தான் தட்டுவார்.

அடுத்த ஒத்திகையில் புதுப் பாட்டை எடுக்கவில்லை. வேறொரு நிகழ்ச்சிக்காகப் பழைய பாட்டுகளை ஓட்டிப் பார்த்தார்கள். அவருக்கு மூச்சு வந்தது. தூக்கத்திலும் வாசிக்கக்கூடிய பாட்டுகள் அவை. அவற்றுள் ஒன்றில் மணிப்பெட்டிக்கு ஓர் இடம் உண்டு. மணிப்பெட்டி என்பது உலோகப் பட்டைகளை வரிசையாக அடுக்கி, சிறு சுத்தியலால் தட்டி வாசிக்கும் வாத்தியம். அதை வாசிக்கும் பெண் அவருக்குப் பின்னால், கடைசி வரிசையில் உட்காருவார். அந்தப் பாட்டில் எல்லாரும் அடங்கியதும், மணிப்பெட்டி உச்சியிலிருந்து சொட்டுச்சொட்டாக இறங்கும். கடைசிச் சொட்டில் வயலின் எழ வேண்டும்.

எல்லாரும் அடங்கினார்கள். மணி இறங்கியது. அவர் எழுந்தார். நூலிழை பிசகாமல், வெண்ணெயில் இறங்கும் கத்தியைப் போல் எழுந்தார்.

பாட்டு முடிந்ததும் இடி குச்சியால் தம் முழங்காலில் தட்டி, "இதான் எங்க அண்ணன்" என்றார். "மணிப்பெட்டி இல்லாமலே கரெக்டா எடுத்துட்டாரு பாருங்க."

"இல்லாம என்ன?" என்றார் ஒருதடவைக்காரர். "அதைக் கேட்டுத்தானே எடுத்தேன்."

"எதைக் கேட்டு?"

"மணியைத்தான்."

இடி சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். "அண்ணே, அந்தப் பொண்ணு இன்னிக்கு வரவே இல்லையே. பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னு காலையிலேயே போன் பண்ணிட்டாங்களே."

அவர் திரும்பிப் பார்த்தார். மணிப்பெட்டி பச்சைத் துணியால் மூடிக் கிடந்தது. அதன் முன்னிருந்த முக்காலி காலியாக இருந்தது. துணியின் ஓர் ஓரம் மின்விசிறிக் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

ஆனால், மணி ஒலித்ததே. ஒவ்வொரு சொட்டையும் அவர் கேட்டாரே.

தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வில்லின் திருகைத் தளர்த்தாமல் பெட்டியில் வைத்துவிட்டோம் என்பது படி இறங்கிய பிறகு நினைவுக்கு வந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பேருந்து நிறுத்தத்தில் தம்முடைய பேருந்து வந்து நின்று போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏறுவதற்குப் பயமாக இருந்தது. ஏறி, இறங்க வேண்டிய இடம் தெரியாமல் போனால்? பக்கத்தில் நின்ற ஒருவர், "எங்க போகணும் சார்?" என்று இயல்பாகக் கேட்டார். எங்கே போக வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இன்று தெரிகிறது என்று மட்டும் தோன்றியது.

வீட்டில் மனைவி சாப்பாட்டு மேசையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். சிவப்புப் பேனாவும் அளவுகோலுமாக உட்கார்ந்து, பக்கத்தின் கடைசி வரியிலிருந்து முதல் வரியை நோக்கிப் படிப்பது அவர் வழக்கம். பிழைகளைச் சகித்துக்கொள்ளும் உலகத்தில் அவரைப் போன்றவர்கள் அருகிவிட்டார்கள் என்பது வேறு கதை.

"என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"எனக்கு இல்லாத சத்தம் கேக்குது" என்றார் அவர்.

மனைவி பேனாவை மூடினார். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நான்கு மாலைகளும் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தார் என்பதையும் சொன்னார்.

"அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல கெட்டில். எனக்கும் கெட்டில். புதுசு எதுவும் உள்ள போக மாட்டேங்குது. இப்போ இல்லாததெல்லாம் கேக்குது. பாப்பாகிட்ட மட்டும் இப்போ சொல்லாத."

"உக்காருங்க முதல்ல."

"உக்காந்தா எந்திரிக்கத் தெரியணுமே."

"தெரியலன்னா நான் எந்திரிக்க வெக்கறேன். உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். மனைவி சற்று நேரம் அளவுகோலின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "பழைய பாட்டுல மணி வர்ற இடம் உங்களுக்கு நல்லாத் தெரியும், இல்லையா?" என்றார்.

"அதுல என்ன சந்தேகம்."

"சரி, புதுப் பாட்டுல எங்க வருது?"

"புதுப் பாட்டுல மணியே கிடையாதே."

மனைவியின் விரல் அளவுகோலின்மேல் நின்றது. "கிடையாதா?"

"கிடையாது."

"நாலு சாயங்காலமா சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மணியைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலியே வந்துடுச்சு. கிடையாதுன்னு சொல்றீங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து நீட்டினார். இல்லாதது கேட்கிறது என்று எண்ணியிருந்தார். இருப்பதும் கேட்கவில்லை என்றால், மிச்சம் என்ன இருக்கிறது? கைப்பேசியை மேசையில் வைத்துப் பாட்டைப் போட்டார் மனைவி. இருவரும் குனிந்து கேட்டார்கள். எல்லா வாத்தியங்களும் அடங்கின. அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் மனைவியின் ஆட்காட்டி விரல் மேசைமேல் இறங்கியது. மறுபடி இறங்கியது. ஓசையே இல்லாத ஓர் இடத்தில், யாருக்கோ பதில் சொல்வதைப் போல் ஒரே சீராகத் தட்டிக்கொண்டே போனது. கடைசித் தட்டில் வயலின் எழுந்தது.

"விளையாடாத" என்றார் அவர்.

மனைவி மகளை அழைத்தார். "பாப்பா, இதுல மணி அடிக்குதா?"

கதவருகே நின்றே கேட்டாள் மகள். "அடிக்குதே. உச்சியில சின்னதா. ஏன், அடிக்கக் கூடாதா?"

மனைவி எழுந்து போய் அலமாரியிலிருந்து வெப்பமானியையும் சமையலறையிலிருந்து ஒரு குவளை வெந்நீரையும் கொண்டுவந்தார். "சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லுங்க. இது கத்தறது கேட்டதும் கையைத் தூக்குங்க."

அவர் திரும்பி நின்றார். சுவரில் பழைய ஆணி ஒன்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தெருவில் ஒரு வண்டி போனது கேட்டது. மாடி வீட்டில் நாற்காலி இழுபட்டது கேட்டது. மகள் மூக்கை உறிஞ்சியது கேட்டது. வெப்பமானி இன்னும் கத்தவில்லை. நீர் ஆறிவிட்டதோ என்று நினைத்தார்.

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக, "அது கத்தி முடிச்சாச்சு."

அவர் கை தொடையருகே அப்படியே இருந்தது.

"இப்படித் திரும்புங்க" என்றார் மனைவி. "நான் ஏன் பக்கத்தைப் பின்னாலிருந்து படிக்கறேன்னு எப்பவாவது கேட்டிருக்கீங்களா? நேராப் படிச்சா வாக்கியம் தெரிஞ்ச வாக்கியம் ஆயிடும். தெரிஞ்சதுல ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தா கண்ணு அதைத் தானே போட்டுப் படிச்சுக்கும். இருக்கறதாவே தெரியும். அடிச்சு சத்தியம்கூடப் பண்ணுவோம். உங்களுக்கும் அதாங்க. பழைய பாட்டெல்லாம் உள்ள முழுசா இருக்கு. காது விட்டதை ஞாபகம் போட்டுக்குது. புதுப் பாட்டுல போட்டுக்க ஒண்ணுமில்லை. அதான் ஓட்டை தெரியுது."

"அப்போ கெட்டில்?"

"விசில் அடிச்சிருக்கும். நீங்க மறக்கலை. கேக்கலை."

"அப்போ ஞாபகம்..."

"அதுக்கு ஒரு குறையும் இல்லை. ரெண்டு ஆள் வேலையை ஒண்டியாப் பாத்துட்டு இருக்கு, பாவம்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகளும் சேர்ந்து சிரித்தாள். மூளையைச் சந்தேகித்தார், இரத்தத்தைச் சந்தேகித்தார், வயதைச் சந்தேகித்தார். காதை மட்டும் சந்தேகிக்கவில்லை. வேறு எந்தத் தொழில்காரரும் முதலில் காதைத்தான் சந்தேகித்திருப்பார். இசைக்கலைஞர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. காது என்பது அவருக்கு உறுப்பு அன்று, அவரே அது. தாம் இல்லாமல் போவதை எவரால் கேட்க முடியும்?

சிரிப்பு சட்டென்று நின்றது.

"எவ்வளவு நாளா?" என்றார். "எவ்வளவு நாளா நான் கேக்காததைக் கேட்டுட்டு இருக்கேன்?"

மனைவி கைப்பேசியை எடுத்துக் காது மருத்துவரின் எண்ணைத் தேடினார்.

காது மருத்துவர் அவரை ஒரு சிறு அறைக்குள் உட்கார வைத்து, கையில் பொத்தானைக் கொடுத்து, பலவகை ஒலிகளைக் கேட்கச் செய்தார். நெடுநேரம் அவர் பொத்தானை அழுத்தவேயில்லை. இயந்திரம் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை கேட்டும்விட்டார். வெளியே வந்ததும் மருத்துவர், "உங்க இடது பக்கம் யார் உட்கார்றாங்க?" என்று கேட்டார்.

"டிரம்ஸ்காரர்."

"எவ்வளவு வருஷமா?"

"என் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாலேர்ந்து."

உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன் இரண்டு காதுகளிலும் போய்விட்டது, இடதில் கூடுதலாகப் போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், கருவி ஓரளவு உதவும் என்றார் மருத்துவர். சந்தேகம் அறவே தீரட்டும் என்று மனைவி அவரை நினைவாற்றல் சோதனைக்கும் அழைத்துப் போனார். அங்கே இருந்த மருத்துவர் சில சொற்களைச் சொல்லி, வேறு பேச்சுகள் பேசிவிட்டு, அச்சொற்களை நினைவிலிருந்து சொல்லச் சொன்னார். "முன்னாலிருந்து வேணுமா, பின்னாலிருந்து வேணுமா?" என்று கேட்டார் ஒருதடவைக்காரர். அவர் இரண்டு வகையிலும் சொல்லி முடிப்பதற்குள், காதுகளைப் பேணுவது பற்றிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் மனைவி சிவப்புப் பேனாவால் ஏழு பிழைகளைத் திருத்தியிருந்தார். ஏழு. பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய மருத்துவமனை அது.

நாடகத்துக்கு முந்தைய ஒத்திகைக்கு அவர் காதில் பஞ்சு அடைப்பானுடன் போனார். எல்லாரும் வாத்தியங்களைச் சுருதி சேர்த்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"என் இடம் எதுன்னு யாராவது எனக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார். "அங்க மணி அடிக்குதாம். எனக்குக் கேக்கறதில்லை. இனிமேலும் கேக்காது."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். புல்லாங்குழல்காரர் தம்மையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்தார். அதைக் கண்டு இன்னும் சிலரும் தொட்டுக்கொண்டார்கள்.

"என் சிம்பல் சத்தமா அண்ணே?" என்றார் இடி. முகம் வெளுத்திருந்தது.

"உன்னுதுதான். இடின்னு பேரை வெச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்தா வேற எங்க விழும்?"

"நான் வேணா தள்ளி..."

"தள்ளு. மூலைக்கே தள்ளு. முதல்ல நீயும் போய்க் காட்டிட்டு வா. உன் காது என்ன லட்சணத்துல இருக்கோ."

இடி வாய்க்குள் ஏதோ சொன்னார். ஒருதடவைக்காரர் "என்ன?" என்றார். இடியும் அதே நேரத்தில் "என்ன?" என்றார். யாரோ சிரித்தார்கள், ஆனால் அந்தச் சிரிப்பு தொடரவில்லை.

மணிப்பெட்டி வாசிக்கும் பெண் பெட்டியை இரு கைகளாலும் தூக்கிவந்து அவருக்கு எதிரே வைத்தார். "நான் கடைசித் தட்டுக்குச் சுத்தியலைக் கொஞ்சம் உயரத் தூக்கறேன். கீழ வந்ததும் எடுத்துக்குங்க, சரியா?" என்று, குழந்தைக்குச் சொல்வதைப் போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தக் குழுவில் பழைய ஆள் ஒருவருக்கு மற்றவர் அவருடைய இடத்தைச் சொல்லித்தந்தது அன்றுதான் முதல் தடவை. பாட்டைக் கற்றுக்கொள்ள அவருக்கு அந்தக் காலைப்பொழுது முழுவதும் ஆயிற்று. கண்ணால் கேட்கப் பழகுவது எளிதன்று. கண் முந்தியது, கை பிந்தியது. ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. நண்பகலில், எல்லாருக்கும் தேநீர் ஆறிப்போயிருந்த நேரத்தில், சுத்தியல் இறங்கிய கணத்திலேயே வயலின் எழுந்தது.

"இனிமே உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறது?" என்றார் இடி, மூலையிலிருந்து.

"எத்தனை தடவைன்னு எண்ணி வெச்சிருப்பியே, அதைச் சொல்லிக் கூப்பிடு."

மாஸ்டர் நேரத்தைப் பார்த்துவிட்டு, கை சூடாக இருக்கும்போதே பழைய பாட்டையும் ஒரு முறை ஓட்டிவிடலாம் என்றார். அவர் தலையசைத்தார். இந்தப் பாட்டில் அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. இருந்தாலும், மணிப்பெட்டி இன்னும் எதிரிலேயே இருந்ததால் அதைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். எல்லாரும் அடங்கினார்கள். சுத்தியல் இறங்கத் தொடங்கியது. உச்சியிலிருந்து ஒவ்வொரு சொட்டும் தெளிவாக, குறையின்றி, இளமையில் கேட்டதைப் போலவே அவருக்குக் கேட்டது. கடைசிச் சொட்டும் கேட்டது.

அந்தப் பெண்ணின் கை இன்னும் உயரத்திலேயே இருந்தது. சுத்தியல் பட்டையைத் தொடவில்லை.

அவர் வில்லை நரம்பின்மேல் வைத்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது கீழே வரும்வரை காத்திருந்தார்.